ஆற்றுக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கு மூன்று

நூற்றுக்கு எட்டு என்கிற ஒரு கணக்கு மனுஷனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்? ஒட்டிக்கொண்டது. சுரங்கத்தில் விளக்கு கொடுக்கிற ஆளிலிருந்து கேன்டீனில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் அவரை எட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் "எட்டு வருது பாரு". அவருக்கும் அது தெரியும். தெரிந்ததை வெளியில் காட்டிக்கொண்டால் இன்னும் ஏறி மிதிப்பார்கள் என்பதும் தெரியும்.

விஷயம் இதுதான். நிலக்கரிச் சுரங்கத்தில் ஆள் அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்காகக் கம்பெனி முன்கூட்டியே இன்சூரன்ஸ் கட்டி வைக்க வேண்டும். சம்பளமாகக் கொடுக்கிற ஒவ்வொரு நூற்றுக்கும் இவ்வளவு என்று கணக்கு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் மூன்று. ஆற்றுக்கு அடியில் ஓடுவது என்னவோ ஒரே கரி. இரண்டு பக்கமும் அதைத்தான் வெட்டினார்கள், அதே தூசியைத்தான் இருமினார்கள், முதலாளியும் ஒரே முதலாளிதான். ஆனால் ஆறு இரண்டு மாகாணங்களுக்கு நடுவில் ஓடியது. பாலத்தைத் தாண்டினால் சட்டம் வேறு.

இந்தப் பக்கத்து இன்சூரன்ஸ் அதிகாரி நம்முடைய எட்டுக்காரர். அந்தப் பக்கத்து இன்சூரன்ஸ் அதிகாரி அவருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவர். சகலை.

உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அந்த நாற்காலியில் வேறு எவனாவது உட்கார்ந்திருந்தால் எட்டுக்காரர் அவனை ஒரு பொருட்டாகவே நினைத்திருக்க மாட்டார். அந்நியன் நன்றாக இருந்தால் கேள்விப்படுகிறோம், அதோடு போகிறது. சகலை நன்றாக இருந்தால் அது சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்து நம் எதிரில் உட்காருகிறது. பொறாமை என்றுதான் இதற்குப் பெயர். வேறு கௌரவமான பெயர் எதையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாதக் கூட்டத்தில் முதலாளி இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எட்டுக்காரருக்குத் திட்டு நிச்சயம்.

"ஒரே கரி, ஒரே மெஷின். அந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் எட்டு. உங்க ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்யறாங்களா, இல்ல நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறீங்களா?"

"சட்டம் வேற சார். இங்க ஒருத்தனுக்குக் கால் போனா சாகிற வரைக்கும் மாசாமாசம் பாதிச் சம்பளம் கொடுக்கணும். அங்க ஒரே தடவையா ஒரு தொகையைக் கையில வச்சு அனுப்பிடுவாங்க. இங்க நுரையீரல்ல தூசி அடைச்சாலும் விபத்துக் கணக்குல வரும். அங்க அது வெறும் இருமல். விலை கம்மின்னா சரக்கு கம்மி சார். அவ்வளவுதான்."

"சட்டத்தை விடுங்க. எப்படிச் சமாளிக்கிறார்னு அவரைக் கேளுங்க. உங்க சகலைதானே?"

சகலை அப்போது வாய் திறப்பார். அதுதான் தாங்கவே முடியாது. "அண்ணன் சொல்றது சரிதான் சார். இதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் இல்லை. எங்க பக்கத்துச் சட்டம் அப்படி" என்பார். முதலாளி உடனே புன்னகைப்பார். திறமையும் இருந்து அடக்கமும் இருக்கிற ஒரு மனுஷனைப் பார்த்தால் வருகிற புன்னகை. உண்மையைச் சொல்லியே ஒருவன் நல்ல பெயர் வாங்கினால் அவனை என்னதான் செய்வது? அதே உண்மையை எட்டுக்காரர் சொன்னபோது அது சாக்குப்போக்காகத்தானே இருந்தது?

மாமியார் வீட்டிலும் அதே கதைதான். மாமியார் கடைக்குட்டி மகனோடு கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தார். இரண்டே அறை, நடுவில் ஒரு மேஜை, அதன் ஒரு கால் குட்டை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே கூடுவார்கள். சகலை சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைப்பார். போகிற போக்கில் மாமியாரின் தட்டையும் வாங்கிக்கொள்வார். மாமியார் "ஐயோ, நீங்க எதுக்கு" என்பார். அந்த "ஐயோ"வில் இருக்கிற சந்தோஷம் எட்டுக்காரருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். ஒரு தடவை அவரும் தட்டோடு எழுந்தார். "நீங்க உட்காருங்க, உங்களுக்கு எதுக்கு வம்பு" என்று மாமியார் பிடுங்கி வைத்துவிட்டார். கழுவத் தெரியாதவன் என்று முடிவே கட்டியாயிற்று.

மனைவி வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் கம்பெனி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பேசி அலுத்து வருகிறவள். ஆனால் வீடு திரும்புகிற பஸ்ஸில், "தங்கச்சி வீட்ல குழாயைத் திறந்தா வெந்நீர் வருதாம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். அவ்வளவுதான். அந்த வெந்நீர் எட்டுக்காரரின் தலையில் ஊற்றுகிற மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் விட எரிச்சல், மச்சினன். அக்காக்கள் இரண்டு பேருக்கும் பிறகு பிறந்தவன். வயது முப்பது தாண்டியும் அந்த வீட்டில் செல்லப்பிள்ளைதான். எட்டுக்காரர்தான் அவனுக்கு இந்தப் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர். முட்டு பிடுங்குகிற கூட்டத்தில் வேலை. கரியை வெட்டி எடுத்த பிறகு, கூரையைத் தாங்கி நிற்கிற மரமுட்டுகளுக்குச் சங்கிலி மாட்டி ஒவ்வொன்றாக இழுத்து, கூரையை விழ விட வேண்டும். சுரங்கத்தில் மற்ற எல்லோரும் கூரை விழக் கூடாது என்று வேலை செய்கிறவர்கள், இவர்கள் மட்டும் விழ வேண்டும் என்று வேலை செய்கிறவர்கள். சங்கிலியை மாட்டிவிட்டு ஓடி வர வேண்டும். சம்பளம் நல்ல சம்பளம். அதனால் அவர்கள் மேல் கட்டுகிற இன்சூரன்ஸும் மலைபோல.

வேலை வாங்கிக் கொடுத்தது இவர், ஆனால் அவன் தோளில் கை போட்டுச் சிரிப்பது அவரோடு. "சின்ன மாமா", "சின்ன மாமா" என்று வாய் ஓயாது. பெரிய மாமாவைப் பார்த்தால் மட்டும் பனியனுக்கு மேல் ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வான். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள எட்டுக்காரர் ரொம்பவும் முயன்று பார்த்தார். முடியவில்லை.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த அடுப்பில்தான் முதலாளி எண்ணெய் ஊற்றினார். அடுத்த வருஷத்திலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸ், ஒரே தலைமை அதிகாரி. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். யார் கணக்கு நல்லா இருக்கோ அவர்" என்றார். மற்றவர் என்ன ஆவார் என்று யாரும் கேட்கவில்லை. தலைமை அதிகாரியின் கீழே வேலை பார்ப்பார், வேறென்ன. எட்டுக்காரர் சகலையின் முன்னால் போய் லீவு கேட்டு நிற்கிற காட்சி அந்தக் கூட்டத்திலேயே அவர் கண்முன்னால் வந்துவிட்டது. அதில் சகலை, "அண்ணே, நீங்க போய்க் கேட்கலாமா, எடுத்துக்கோங்க" என்று வேறு சொன்னார்.

அந்த வாரமே வழி தோன்றிவிட்டது. நல்ல புத்தி வருவதற்கு நாள் கணக்காகிறது. இது மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்தில் வந்துவிடுகிறது.

ஆற்றுக்கு அடியில், காற்று போவதற்காக இரண்டு சுரங்கத்தையும் இணைத்து ஒரு குடைவழி உண்டு. நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதுதான் மாகாண எல்லை. முட்டு பிடுங்குகிற கூட்டத்தின் பெயர்களை அந்தப் பக்கத்து ஆள்கணக்கில் எழுதிவிட்டால்? அவர்கள் காலையில் பாலம் தாண்டிப் போய் அங்கே விளக்கு வாங்கி, அங்கே இறங்கி, குடைவழியாக நடந்து கோட்டைத் தாண்டி வந்து வழக்கம்போல இந்தப் பக்கத்து முட்டுகளையே பிடுங்கலாம். வேலை இங்கே, பெயர் அங்கே. அவர்கள் சம்பளத்துக்கு இன்சூரன்ஸ் எட்டு இல்லை, மூன்று. தவிர, அவர்களில் யாராவது அடிபட்டால் அந்த விபத்து சகலையின் கணக்கில் ஏறும். விபத்து ஏறினால் அடுத்த வருஷம் அந்த மூன்றும் ஏறும். மூணுக்காரர் அப்புறம் என்ன காரரோ!

முதலாளியிடம் "நிர்வாக வசதிக்காக" என்று சொல்லிப் பட்டியலை நீட்டினார். முதலாளி காகிதத்தின் அடியில் இருந்த மிச்சமாகிற தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அடிபட்டால் அந்த ஆள்களுக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்தானே கிடைக்கும் என்பது எட்டுக்காரருக்குத் தெரியாதா? ஊரிலேயே அது நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். தெரிந்துதான் செய்தார். மச்சினனின் பெயரை மட்டும் பட்டியலில் எழுதாமல் விட்டார். அவ்வளவு பாசம் அவருக்கும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினனே எட்டுக்காரர் வீட்டுக்கு வந்தான். "பெரிய மாமா, எங்க ஆளுங்களையெல்லாம் சின்ன மாமா பக்கம் மாத்தறீங்களாமே. என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"உனக்கு எதுக்கு அது? பாலம் தாண்டி நடக்கணும்."

"நடந்தா என்ன? சின்ன மாமா ஆபீஸ்ல பேர் இருந்தா நல்லாத்தான் இருக்கும்." அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். எட்டுக்காரர் வேலை வாங்கிக் கொடுத்த அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை.

அவன் சும்மா இருந்திருக்கலாம். இவராவது காதில் விழாத மாதிரி இருந்திருக்கலாம். எட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "போ. அங்கேயே போ" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மறுநாள் காலையில் பட்டியலின் கடைசியில் அவன் பெயரையும் சேர்த்தார். பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் அவருக்கு நல்ல காலம். எட்டு ஏழாகவில்லைதான், ஆனால் கட்டுகிற மொத்தத் தொகை சரசரவென்று இறங்கியது. முதலாளி கண்ணாடியைக் கழற்றாமலே கூட்டத்தை முடித்தார். ஒரு நாள் முட்டுக்கூட்டத்தில் ஒருவனுக்குச் சங்கிலியில் விரல் நசுங்கியது. விபத்து அந்தப் பக்கத்துக் கணக்கில் ஏறியது. எட்டுக்காரர் அன்றைக்குக் கேன்டீனில் இரண்டு டீ குடித்தார். இரண்டாவது டீ பாதியில், அந்த விரலுக்கு இங்கே என்ன கிடைத்திருக்கும், அங்கே என்ன கிடைக்கும் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

சகலை ஒரு நாள் பாலம் தாண்டி ஆபீஸுக்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த முட்டுக்கூட்டம் எங்க வேலை பண்றாங்க?"

"உங்க கணக்குல இருக்காங்க. என்னைக் கேட்டா?"

"கணக்குல இருக்காங்க. எங்க பக்கத்துல ஒரு முட்டுகூட பிடுங்கலையே. நடந்து இந்தப் பக்கம் வர்றாங்க. அவ்வளவு தூரம் நடந்து வந்து, போன நேரத்தைப் பிடிக்கணும்னு அவசர அவசரமா வேலை பண்றாங்களாம். காவல் முட்டு வைக்கக்கூட நேரம் இல்லைன்னு மச்சினன் சொல்றான்."

காவல் முட்டு என்பது பிடுங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆளைக் காப்பாற்ற வைக்கிற கூடுதல் முட்டு. அதை நட நேரம் பிடிக்கும்.

"உங்க பக்கம் விபத்துக் கணக்கு ஏறுதுன்னு பயமா இருக்கா சகலை?" என்றார் எட்டுக்காரர். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்த சுகம் அவருக்கு.

சகலை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அதுக்கு இல்லை அண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்தார். யாரிடமும் போய்ப் போட்டுக்கொடுக்கவில்லை. போட்டுக்கொடுத்திருந்தால் எட்டுக்காரர் நிம்மதியாக வெறுத்திருப்பார்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கிறபோது சங்கு ஊதினால் ஊரே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வரும். மச்சினன் சங்கிலியை மாட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறான். இழுக்கச் சொல்வதற்கு முன்பே கூரை முந்திக்கொண்டது. உயிர் பிழைத்தான். இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். தங்கை அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மனைவி மருந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள், கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"இவனுக்கு எந்தப் பக்கத்துப் பணம் வரும்?" என்று கேட்டாள்.

எட்டுக்காரர் வார்டுக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, உங்களைத்தான். இந்தப் பக்கம்னா ஆயுசு முழுக்கப் பாதிச் சம்பளம். அந்தப் பக்கம்னா ஒரே ஒரு கவர். எனக்குத் தெரியும். கால் போன அந்தப் பக்கத்து ஆளுங்க என் ஜன்னலுக்குத்தான் வர்றாங்க. முதல் வருஷம் முழுச் சீட்டு மருந்தும் வாங்குவாங்க. அடுத்த வருஷம் மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுன்னு கேட்பாங்க. அதுக்கு அடுத்த வருஷம் வரவே மாட்டாங்க."

"விசாரணை இருக்கு. பார்க்கலாம்."

"பேரு அந்தப் பக்கத்துல இருக்காமே. யாரு எழுதினது?"

"பார்க்கலாம்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தார். அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் அவர் என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டார். வாயைத் திறந்தால் வேலை போகும், வழக்கு வரும், தலைமைப் பதவி தங்கத்தட்டில் சகலைக்குப் போகும். திறக்காவிட்டால் மச்சினனுக்கு ஒரு கவர். அது எத்தனை நாளைக்கு? அவனுக்கும் மாமியாருக்கும் இனிமேல் சாப்பாடு என்பதே அந்தப் பாதிச் சம்பளம்தான். நானே மாசாமாசம் கையிலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்துப் பார்த்தார். இரண்டாவது வருஷம் கொடுப்பாரா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவரைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

விசாரணை இந்தப் பக்கத்து நஷ்டஈட்டு வாரிய ஆபீஸில். வெளியே ஒரு மரப் பெஞ்சு. எட்டுக்காரரும் சகலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சகலை குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நான் யோசிச்சுட்டேன். பேரு எந்தப் பக்கம் இருந்தாலும், நிஜமா எங்க வேலை செஞ்சான்னு சாட்சி சொல்லிட்டா வேலை செஞ்ச இடத்துச் சட்டம்தான் செல்லும். நான் சொல்லிடறேன். ஆள் பலம் காட்டறதுக்காக அந்தக் கூட்டத்தை நான்தான் உங்களை ஏமாத்தி என் கணக்குல எழுத வச்சேன்னு. அவனுக்கு ஆயுசு முழுக்கப் பணம் வரும். உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு?"

"வேலை போகும். போகட்டும். உங்களைவிடச் சின்னவன்தானே, வேற எங்கயாவது பார்த்துக்குவேன்."

கும்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. எட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதையுமா? மூணு அவனுக்கு, வெந்நீர் அவனுக்கு, மாமியாரின் "ஐயோ" அவனுக்கு, மச்சினனின் சிரிப்பு அவனுக்கு. இப்போது தியாகி பட்டமும் அவனுக்கா? மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தக் குட்டைக்கால் மேஜையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய மனசைப் பற்றி எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். மனைவி ஒவ்வொரு பஸ் பயணத்திலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவாள். இவனை ஜெயிலில் போட்டால்கூட அங்கேயும் தட்டைக் கழுவி வைத்து வார்டனிடம் நல்ல பெயர் வாங்கிவிடுவான்!

உள்ளே கூப்பிட்டார்கள். வாரிய அதிகாரி ஒரு அம்மாள். ஜலதோஷம், கையில் கைக்குட்டை. "யார் முதல்ல பேசறீங்க?" என்றார்.

சகலை எழுந்தார். எட்டுக்காரர் அதைவிட வேகமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"நான்தான் செஞ்சேன்" என்றார். "அந்த ஆளுங்க எல்லாரும் இந்தப் பக்கத்து ஆளுங்க. இங்கதான் வேலை செஞ்சாங்க. பணத்தை மிச்சம் பிடிக்க நான்தான் பேரை அந்தப் பக்கம் மாத்தினேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. வந்து கேட்டார், நான் மழுப்பிட்டேன்."

அதோடு நிறுத்தவில்லை. சகலைக்குச் சொல்ல ஒரு எழுத்துகூட மிச்சம் வைத்துவிடக் கூடாது என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். சுண்ணாம்புக் கோடு, குடைவழி, நடக்கிற தூரம், நடாத காவல் முட்டு, நசுங்கிய விரல். நல்ல மனசு வந்து பேசினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் பொய். மூச்சு முட்டுகிற பொறாமையில் பேசினார். ஆனால் பேசியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதிகாரியம்மாள் தும்முவதற்குக்கூட அவரை நிறுத்த முடியவில்லை.

அத்தனை பெயர்களும் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தன. மச்சினனுக்கு ஆயுசு முழுக்கப் பாதிச் சம்பளம் என்று தீர்ப்பாயிற்று. விரல் நசுங்கியவனுக்கும் இந்தப் பக்கத்துக் கணக்கு. முதலாளி "எனக்கு எதுவும் தெரியாது" என்று கைகழுவினார். எட்டுக்காரருக்கு அன்றைக்கே வேலை போயிற்று, மேலே வழக்கும் காத்திருந்தது. அவர் குடியிருந்த கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. தலைமைப் பதவி சகலைக்கு.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வார்டில் கூடினார்கள். மச்சினன் தலையணையில் சாய்ந்திருந்தான். சகலையைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"சின்ன மாமா, நீங்க இல்லேன்னா நான் தெருவுல நின்னிருப்பேன். பெரிய மாமாகிட்ட எடுத்துச் சொல்லி ஒத்துக்க வச்சீங்களே, அது யாரால முடியும்?"

"நான் வாயே திறக்கலைப்பா" என்றார் சகலை. "எல்லாம் அண்ணன்தான் சொன்னார். சத்தியமா."

"இப்படித்தான்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செய்யறதையும் செஞ்சுட்டு, பேரை இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவார். இந்தக் குணம் யாருக்கு வரும்?" சகலை மறுக்க மறுக்க அவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. சகலை பரிதாபமாக எட்டுக்காரரைப் பார்த்தார். எட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

மனைவி அவர் கையைத் தொட்டாள். இரண்டு பேரும் வராந்தாவுக்கு வந்தார்கள். மருந்து ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எதுக்குங்க பேசினீங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல இரண்டு மூன்று நல்ல பொய்கள் தயாராக இருந்தன. அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"அவர் முந்திக்குவாரோன்னு பேசினேன்" என்றார். "பழியைத் தன் மேல போட்டுக்கறேன்னு சொன்னார். என்னால தாங்க முடியலை."

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எதிரே சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். "அவர் பேசியிருந்தா இன்னைக்கு என் தங்கச்சியும் பிள்ளைகளும் பெட்டியைக் கட்டிக்கிட்டிருப்பாங்க" என்றாள். "இப்ப நாம கட்டறோம்."

"ஆமா."

"அவங்க யாருக்கும் இது தெரியப்போறதில்லை."

"தெரியாது."

உள்ளே மச்சினன் ஏதோ சொல்ல, சகலை ஏதோ பதில் சொல்ல, எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. வருஷக்கணக்காக அவருடைய தொண்டையில் நின்றிருந்த கேள்வி அப்போது வெளியே வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"அவரை மாதிரி ஒருத்தரைக் கட்டியிருக்கலாம்னு உனக்குத் தோணியிருக்கா?"

"தோணியிருக்கு" என்றாள் அவள். "எத்தனையோ தடவை. பஸ்ல வர்றப்பல்லாம் தோணும்." எழுந்து சேலையைத் தட்டி விட்டுக்கொண்டாள். "இன்னைக்குத் தோணலை. வாங்க, பெட்டி கட்டணும்."